மிஸ் மார்ப்பிள் துப்பறிகிறாரா, வம்பளக்கிறாரா?

கணக்கு வாத்தியார்

ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளின் கதைகளைப் படித்து வருகிறேன். நாவல்கள் 12, சிறுகதைகள் 20 என்று கணக்கு. பாதிக்கு மேல் தாண்டியாயிற்று. சுவாரசியத்துக்குக் குறைவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கையில் எடுத்தால் விளக்கை அணைக்க மனம் வருவதில்லை. ஆனாலும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைக் கொட்டிவிடத்தான் இந்த இழை.

கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான பொய்ரோ கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, நின்றுபோன கடிகாரம், கழுவாத கோப்பை, தாழிடாத ஜன்னல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். படிக்கும் நாமும் பக்கங்களைத் திருப்பிச் சரிபார்க்கலாம். மார்ப்பிள் அம்மாளோ செயின்ட் மேரி மீட் என்ற சிற்றூரில் கம்பளி நூலைப் பின்னிக்கொண்டிருப்பார். யாராவது ஒரு கொலையைப் பற்றிச் சொன்னால், அவருக்கு ஊரில் என்றோ நடந்த ஒன்று ஞாபகம் வரும். முதல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1927 டிசம்பரில் பத்திரிகையில் வந்த 'தி டியூஸ்டே நைட் கிளப்'. ஒருவர் கதை சொல்ல, விஷம் வைத்தது யார் என்று நான்கு பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இந்த அம்மாள் ஹார்கிரேவ்ஸ் என்ற பழைய ஊர்க்காரரின் கதையை ஆரம்பிக்கிறார். அவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு ரகசியமாகக் குடித்தனம் நடத்தி, ஐந்து பிள்ளைகளும் பெற்று, செத்த பிறகுதான் மனைவிக்கு விஷயம் தெரிந்ததாம். உடனே இந்தக் கொலைக்கும் விடை கிடைத்துவிடுகிறது!

நடுவில் வழிமுறையே எழுதாமல் விடையை மட்டும் சரியாக எழுதும் மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை. இந்த அம்மாளுக்கு மட்டும் ஏன் போட வேண்டும்?

நெறியாளர்

நல்ல தலைப்பு. ஒரே ஒரு வேண்டுகோள்: நாவல்களில் கொலைகாரர் பெயரை யாரும் வெளியிட வேண்டாம். மற்றபடி கதைத் திருப்பங்களைத் தொடுகிறவர்கள் பதிவின் தலையிலேயே எச்சரித்துவிடுங்கள்.

ஊசியும் நூலும்

எச்சரிக்கை: 'டியூஸ்டே நைட் கிளப்' கதையின் முடிச்சு அவிழ்கிறது.

வாத்தியார் ஐயா, அந்தக் கதையைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். ஹார்கிரேவ்ஸ் கதை விடை அல்ல. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவருக்குக் காட்டிய கை மட்டுமே. விடை சமையலறையில் இருக்கிறது.

இரவு உணவு டின் லாப்ஸ்டர், சாலட், டிரைஃபிள் என்ற கிண்ணத்து இனிப்பு, ரொட்டி, பாலாடைக்கட்டி. கணவன், மனைவி, மனைவியின் தோழி மூவரும் சாப்பிடுகிறார்கள். மனைவி மட்டும் இறந்துபோகிறார். கணவன் எழுதிய கடிதத்தின் தடம் மை ஒற்றும் தாளில் இருக்கிறது. மனைவி இறந்த பிறகு என்று ஒரு துண்டு, 'நூறுகளும் ஆயிரங்களும்' என்று இன்னொரு துண்டு. போலீஸ் முதல் பாதிரியார் வரை எல்லோரும் அதைப் பணம் என்றுதான் நினைக்கிறார்கள். சமையல்கட்டுக்குள் நுழைந்திருந்தால்தானே தெரியும்! டிரைஃபிளின் மேல் தூவுகிற பலவண்ணச் சர்க்கரை மணிகளுக்கு இங்கிலாந்தில் அதுதான் பெயர். விஷம் அந்த மணிகளில் இருந்தது. தோழி உடல் இளைக்க வேண்டும் என்று இனிப்பைத் தொடவில்லை. கணவன் தன் பங்கின் மேலிருந்ததைச் சுரண்டி ஒதுக்கிவிட்டான். எவ்வளவு சுத்தமான நிரூபணம்! இதைவிட என்ன வழிமுறை வேண்டும் உங்களுக்கு?

அந்த அறையில் ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் ஆணையர் ஒருவர், வழக்கறிஞர், பாதிரியார், நாவலாசிரியர், ஓவியர் இருந்தார்கள். கதையைச் சொன்ன ஆணையரைத் தவிர ஒருவருக்கும் விடை எட்டவில்லை. ஆட்டத்தைத் தொடங்கும்போது அந்த ஓவியப் பெண் ஆட்களை எண்ணுகிறாள். ஐந்து பேர்தான் தேறுகிறார்கள், ஆறாவதாக ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறாள். அந்த வீட்டின் சொந்தக்காரரே மூலையில் பெரிய நாற்காலியில், கறுப்பு உடையும் லேஸ் தொப்பியுமாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறார். அவரை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. என்னை மறந்துவிட்டாயே அம்மா என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார் கிழவி. அதற்குப் பிறகு வந்த எல்லாக் கதைகளும் இந்த இடத்திலிருந்து முளைத்தவை என்பேன்.

பூந்தமல்லி வாசகன்

எங்கள் வீட்டிலும் கல்யாணப் பந்திக்குத் தலை எண்ணும்போது பாட்டியை விட்டுவிடுவோம். யார் வீட்டில் எவ்வளவு மொய் வந்தது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வக்கீல் குமாஸ்தா

எச்சரிக்கை: '4.50 ஃப்ரம் பாடிங்டன்' கடைசிக் காட்சி பற்றிப் பேசுகிறேன். பெயர் சொல்லவில்லை.

வாத்தியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆதாரம் போதவில்லை என்பது மார்ப்பிளுக்கே தெரியும். அதனால்தான் நாவல்களின் கடைசியில் அடிக்கடி பொறி வைக்கிறார்.

பாடிங்டன் கதையில் மார்ப்பிளின் தோழி மிஸஸ் மெக்கில்லிகடி ரயிலில் போகிறார். பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் இன்னொரு ரயில் வருகிறது. இரண்டும் சிறிது தூரம் சேர்ந்தாற்போல் ஓடுகின்றன. எதிர்ப் பெட்டியின் ஜன்னல் திரை படக்கென்று மேலே எழும்ப, ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதைப் பார்க்கிறார். அவனுடைய முதுகை மட்டும்! ரயில்வேக்காரர்களும் போலீசும் தேடிப் பார்க்கிறார்கள். சடலம் இல்லை. வயதானவர், தூக்கக் கலக்கம் என்று முடிவு கட்டுகிறார்கள். நம்பியவர் மார்ப்பிள் ஒருவரே. தோழி கற்பனையே இல்லாத பெண், இல்லாததைப் பார்க்கத் தெரியாதவர் என்பது அவர் வாதம். இதைச் சாட்சியின் நம்பகத்தன்மையை எடைபோடுதல் என்போம். எங்கள் நீதிமன்றத்தில் நான் பார்த்த எத்தனையோ குறுக்கு விசாரணைகளைவிட இது துல்லியம்.

அதன்பிறகு அதே ரயிலில் போய்ப் பார்க்கிறார், வரைபடத்தை விரிக்கிறார், தண்டவாளம் எங்கே வளைகிறது, உடலைத் தள்ளினால் எந்தச் சரிவில் விழும் என்று கண்டுபிடிக்கிறார். இதெல்லாம் வம்பா?

ஆனால் முடிவில் அவர் செய்வது வேடிக்கை. தேநீர் வேளையில் மீன் முள் தொண்டையில் சிக்கியதாக நடிக்கிறார். சந்தேக நபர் உதவிக்கு வந்து கழுத்தில் கை வைக்கிற அந்தக் கணத்தில் மெக்கில்லிகடி அறைக்குள் வர வேண்டும் என்று ஏற்பாடு. முதுகை வைத்து ஓர் அடையாள அணிவகுப்பு! நல்ல எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இந்தச் சாட்சி கிடைத்தால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. குற்றவாளி அதிர்ந்துபோய்த் தானே காட்டிக்கொடுத்துக்கொள்வதால் பிழைத்தார்.

கணக்கு வாத்தியார்

ஊசியும் நூலும் அம்மாவுக்கு: சர்க்கரை மணிக்கு மதிப்பெண் போட்டாயிற்று. சிறுகதைகளில் அவர் நேர்மையாக ஆடுகிறார்.

குமாஸ்தா சாருக்கு: பாடிங்டன்தான் என் முதன்மைப் புகார். சடலம் எங்கே இருக்கும் என்பதற்கு அருமையான தர்க்கம். கொன்றது இவர்தான் என்பதற்கு? வாசகனாகிய நான் பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் கிடைக்கவில்லை. பொறியில் விழுந்த பிறகு தெரிகிறது, அவ்வளவுதான். கண்டுபிடித்தபின் பொறி வைப்பது வேறு, கண்டுபிடிப்பதற்குப் பதில் பொறி வைப்பது வேறு.

பழைய புத்தகப்பூச்சி

இந்தப் பாட்டி எங்கிருந்து வந்தார் என்று தெரிந்தால் அவருடைய முறையும் புரியும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துப்பறியும் முதிர்கன்னி கிறிஸ்டியின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் அன்னா கேத்தரின் கிரீன் 1897இலேயே அமேலியா பட்டர்வொர்த் என்ற பெண்மணியைப் படைத்துவிட்டார். நியூயார்க்கில் வசதியான வீட்டுக்காரி. நள்ளிரவில் பக்கத்தில் பூட்டியிருந்த வீட்டுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் நுழைவதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். மறுநாள் அங்கே பிணம். பக்கத்து வீட்டு விஷயத்தில் தலையிடுவது தன் பிறவிக் குணம் அல்ல, பொதுக் கடமை என்ற தோரணையில் அவர் கதை சொல்கிற அழகே தனி.

கிறிஸ்டியின் பங்கு வேறு. 1926இல் வந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலில் டாக்டர் ஷெப்பர்டுக்கு கரோலின் என்று ஒரு அக்கா. வீட்டை விட்டு வெளியே போகாமலே ஊரில் நடப்பது அத்தனையும் அவளுக்குத் தெரியும். பால்காரன், வேலைக்காரப் பெண்கள் வழியாகச் செய்தி வந்து சேர்ந்துவிடும். கிறிஸ்டிக்கு அவள் மேல் தனிப் பிரியம். அந்த நாவல் 'அலிபை' என்ற பெயரில் நாடகமானபோது, கரோலினைத் தூக்கிவிட்டு அழகான இளம்பெண் ஒருத்தியைப் போட்டார்கள். கிறிஸ்டிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கணத்தில்தான், தனக்கே தெரியாமல், மார்ப்பிள் பிறந்திருக்க வேண்டும் என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். மேடையில் கிழவிக்கு இடமில்லை என்றவர்களுக்கு அவர் தந்த பதில் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு ஊற்று அவருடைய பாட்டி. ஈலிங்கில் இருந்தவர். எல்லோரிடமும் எல்லாவற்றிலும் மோசமானதையே எதிர்பார்ப்பாராம், பெரும்பாலும் அது சரியாகவே இருக்குமாம். மார்ப்பிளுக்கும் பாட்டிக்கும் பொதுவானது இந்த ஒன்றுதான் என்கிறார். நல்ல மனம், கெட்ட சந்தேகம். இரண்டும் ஒரே உடலில்!

பெயர் வந்தது செஷயரில் இருந்த மார்ப்பிள் ஹால் என்ற பழைய மாளிகையிலிருந்து. அங்கே நடந்த ஏலத்துக்குப் போய் இரண்டு நாற்காலிகள் வாங்கி வந்தாராம். கூடவே பெயரும் வந்துவிட்டது.

கணக்கு வாத்தியார்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 'அலிபை' மேடையேறியது 1928 மே. மார்ப்பிள் பத்திரிகையில் வந்தது 1927 டிசம்பர். பிள்ளை பிறந்த பிறகா கர்ப்பம்?

பழைய புத்தகப்பூச்சி

வாத்தியார் என்றால் வாத்தியார்தான். நாடகப் பிரதியைப் பற்றிய பேச்சு மேடைக்கு முன்பே நடந்திருக்கும் அல்லவா? அப்படியும் தேதி ஒட்டவில்லை என்றால், தன் வரலாறு எழுதும் எழுத்தாளருக்கு நல்ல கதைக்காகச் சில மாதங்கள் சலுகை கொடுப்போம்.

அதே நூலில் இன்னொரு வேடிக்கை. மார்ப்பிளை அறுபத்தைந்து, எழுபது வயதில் தொடங்கி வைத்தது பெரிய வினையாகிவிட்டதாம். இத்தனை ஆண்டுகள் கூட வருவார் என்று தெரிந்திருந்தால், கெட்டிக்காரப் பள்ளிச் சிறுவன் ஒருவனைப் படைத்திருப்பேன், என்னோடு சேர்ந்து வளர்ந்திருப்பான் என்கிறார். நல்ல வேளை, தெரியவில்லை.

தேம்ஸ்கரைவாசி

இங்கிலாந்தில் நெடுநாளாக இருப்பவன் என்ற முறையில் ஒரு செய்தி சேர்க்கிறேன். இந்தக் கிழவிகளை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. முதல் உலகப் போர் முடிந்தபின் 1921இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் மேல் அதிகம். 'உபரிப் பெண்கள்' என்று பத்திரிகைகள் கூசாமல் எழுதின. மார்ப்பிளின் தலைமுறை அதற்கும் முந்தியது என்றாலும், அவரை வாங்கிப் படித்த வாசகிகளின் வீட்டில் அப்படி ஓர் அத்தையாவது இருந்திருப்பார். சிறு வருமானம், சிறு வீடு, தேவாலயப் பணி, தோட்டம், ஜன்னல்.

கிறிஸ்டி மட்டுமல்ல, பலர் இதே சமயத்தில் இந்தப் பெண்களைப் பிடித்துக்கொண்டார்கள். டாரத்தி சேயர்ஸின் மிஸ் கிளிம்ப்சன் 1927. அவரைத் துப்பறிவாளர் விம்சி சம்பளம் கொடுத்தே வேலைக்கு வைக்கிறார். போலீஸ்காரர் கேட்டால் ஊர் வாய் மூடிக்கொள்ளும், இந்த அம்மாள் கம்பளி வாங்கும் சாக்கில் கேட்டால் கொட்டிவிடும் என்பது அவர் கணக்கு. பாட்ரீசியா வென்ட்வொர்த்தின் மிஸ் சில்வர் 1928. முன்பு வீட்டு ஆசிரியை, பின்னர் தொழில்முறைத் துப்பறிவாளர், பின்னல் இவருக்கும் உண்டு. ஆக, வம்பு என்று வாத்தியார் ஒதுக்குவது அந்நாளில் உளவுத் துறைக்குச் சமானம்!

பிபிசி தொடருக்காக செயின்ட் மேரி மீட் ஆனது ஹாம்ப்ஷயரில் உள்ள நெதர் வாலப். வைக்கோல் வேய்ந்த கூரை வீடுகள், நடுவில் ஓடை. மார்ப்பிள் வீடாகக் காட்டிய வீட்டின் எதிரில் நின்று பார்த்தேன். போகிற வருகிறவர்களை எல்லாம் கவனிக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. என்னையும் ஒரு மாடி ஜன்னல் திரை விலகிக் கவனித்தது.

பூந்தமல்லி வாசகன்

'தி மர்டர் அட் தி விக்கரேஜ்' (1930) நாவலில் தோட்ட வேலையும் பறவை பார்க்கும் தொலைநோக்கியும் வேவுக்கு எவ்வளவு வசதி என்று பாதிரியாரே அங்கலாய்ப்பார். அவர் மனைவி கிரிசெல்டா இன்னும் ஒரு படி மேல். ஊரிலேயே பொல்லாத பூனை என்பார். எனக்கு அந்த முதல் நாவலின் மார்ப்பிளைத்தான் பிடிக்கும். பிற்பாடு கிறிஸ்டி அவரை ரொம்பச் சாதுவாக்கிவிட்டார்.

செவ்வந்தி

எல்லோரும் கிழவியைக் கொஞ்சிக்கொண்டே இருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பைச் சேர்க்கலாமா?

'இதமான மர்மக்கதை' என்று இந்த வகையை விற்கிறார்கள். ரத்தம் தெறிக்காது, ஆபாசம் இருக்காது, சின்ன ஊர், தேநீர், கேக், கடைசியில் எல்லாம் நலம். இந்தச் சீட்டை மார்ப்பிள் மேல் ஒட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அவர் இரக்கம் காட்டுவதே இல்லை. 'எ கிறிஸ்துமஸ் டிராஜடி' சிறுகதையில் தான் பிடித்துக்கொடுத்தவனைத் தூக்கிலிட்டதில் எள்ளளவும் வருத்தமில்லை, மரண தண்டனை பற்றிய நவீன மனிதாபிமானத் தயக்கங்களுக்குத் தன்னிடம் பொறுமை இல்லை என்கிறார். பாடிங்டன் வந்தது 1957. மரண தண்டனையைப் பிரிட்டன் சுருக்கிக்கொண்ட காலம். தூக்கில் தொங்க வேண்டியவன் தப்புகிறானே என்று அப்போதும் அங்கலாய்க்கிறார்.

வர்க்கம் இன்னொன்று. அவருடைய 'மனித இயல்பு' அனுபவத்தில் பாதி, வேலைக்காரப் பெண்களைக் கண்காணித்ததில் வந்தது. அநாதை விடுதியிலிருந்து சிறுமிகளைக் கொண்டுவந்து, வெள்ளித் தட்டு துடைக்கவும் பரிமாறவும் பழக்கி, பெரிய வீடுகளுக்கு அனுப்புவார். அந்தப் பெண்கள் கதையில் மந்தமானவர்கள், எளிதில் ஏமாறுகிறவர்கள். அவர்களை நாமும் அப்படியே பார்க்கப் பழகிவிடுகிறோம்.

ஊசியும் நூலும்

எச்சரிக்கை: 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' முடிவுப் பக்கம் பற்றி.

செவ்வந்தி, நீங்கள் சொல்லும் இரக்கமின்மைதான் எனக்குப் பிடித்தது. அந்தப் பெண்களுக்காக வேறு யார் கோபப்படுகிறார்கள்?

1953இல் வந்த இந்த நாவலில் பணக்காரர் ஒருவர் விஷத்தால் சாகிறார். அவருக்காக மார்ப்பிள் அசையவில்லை. அந்த வீட்டில் வேலை பார்த்த கிளாடிஸ், மார்ப்பிள் பழக்கி அனுப்பிய அநாதைப் பெண், துணி காயப்போடும் கொடியருகே கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள். கொன்றவன் அவள் மூக்கில் துணி மாட்டும் கிளிப்பைச் செருகிவிட்டுப் போயிருக்கிறான். குழந்தைப் பாட்டு ஒன்றைப் பொருத்திக் காட்டுவதற்காகச் செய்த விளையாட்டு. பத்திரிகையில் இதைப் பார்த்துவிட்டு, கிழவி ரயிலேறி அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறார். கொன்றதோடு விடாமல் அவமானமும் செய்தான் என்பதுதான் அவர் ஆத்திரம். அழகில்லாத, அசட்டுத்தனமான, சினிமாப் படங்களை வெட்டி வைத்துக்கொண்டு ஒரு காதலுக்காக ஏங்கிய பெண் அவள். அவளைச் சுற்றியிருந்த ஒருவருக்கும் அவள் சாவு பெரிய செய்தியாக இல்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பினால், தபாலில் தாமதமாக வந்த ஒரு கடிதம் காத்திருக்கிறது. சாவதற்கு முன் கிளாடிஸ் எழுதியது. எழுத்துப்பிழைகளோடு, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று உதவி கேட்டு. உள்ளே ஒரு புகைப்படம். அது சீக்கிரம் வந்திருந்தால்! மார்ப்பிளுக்கு முதலில் கண்ணீர் வருகிறது, பிறகு கோபம், பிறகு அகப்பட்டான் என்ற வெற்றி. ஆதாரமில்லை என்று புலம்பிய வாத்தியார் ஐயாவுக்கும் அந்தப் புகைப்படம் போதும்.

வர்க்கப் பார்வை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் போலீஸ் பணக்காரரின் சாவைத் துப்பறிகிறது, அவர் வேலைக்காரியின் சாவைத் துப்பறிகிறார்.

செவ்வந்தி

கடிதத்தை எனக்கும் மறக்க முடியவில்லை. அதனால்தான் 'இதமானது' என்ற சீட்டு பொருந்தாது என்கிறேன். நாம் இருவரும் ஒரே பக்கம்தான் நிற்கிறோம் போலிருக்கிறது.

திரைப்பித்தன்

இப்படி ஒரு மார்ப்பிளைத் திரையில் எதிர்பார்த்து மார்கரெட் ரூதர்ஃபோர்டின் படங்களைப் பார்த்தால் தலை சுற்றும். 1961 முதல் 1964 வரை நான்கு படங்கள். அதில் இரண்டு பொய்ரோ நாவல்கள், ஒன்று கிறிஸ்டி எழுதாத கதை! பாடிங்டனைப் படமாக்கியபோது கொலையைப் பார்ப்பவரும் மார்ப்பிள், மாளிகைக்குள் வேலைக்காரியாக நுழைபவரும் மார்ப்பிள். நாவலில் தன் வயதுக்கு முடியாது என்று லூசி ஐல்ஸ்பாரோ என்ற கெட்டிக்காரப் பெண்ணைச் சம்பளம் பேசி அனுப்புவாரே, அந்தக் கதாபாத்திரமே கிடையாது. கிறிஸ்டிக்குப் படங்கள் பிடிக்கவில்லை. ஆனாலும் ரூதர்ஃபோர்டை மதித்தார், 1962இல் 'தி மிரர் க்ராக்ட்' நாவலை அவருக்கே காணிக்கையாக்கினார்.

அதே 1961 படத்தில் சமையல்காரியாகச் சின்ன வேடத்தில் வந்தவர் ஜோன் ஹிக்சன். பின்னாளில் பிபிசி தொடரில் அவரே மார்ப்பிள் ஆனார். 1984இல் தொடங்கும்போது வயது 78. பன்னிரண்டு நாவல்களையும் நடித்து முடித்தபோது 1992. எனக்கு மார்ப்பிள் என்றால் அவர்தான். சந்தேகம் வரும்போது அவர் முகத்தில் எதுவும் அசையாது, கண் மட்டும் ஒரு இடத்தில் நிற்கும்.

வங்காளத்திலும் ஒரு மார்ப்பிள் உண்டு, யாரும் குறிப்பிடவில்லையே! ரிதுபர்ணோ கோஷ் 2003இல் எடுத்த 'சுபோ மஹரத்'. 'மிரர் க்ராக்ட்' கதையை வங்காளத் திரையுலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஷர்மிளா தாகூர் நடிகை, ராக்கி துப்பறியும் அத்தை 'ரங்கா பிஷிமா'. ராக்கிக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. கதையையே தூக்கிச் சுமக்கிறவர் துணை நடிகையாம். விருதுக் குழுவும் தலையை எண்ணும்போது அத்தையை விட்டுவிட்டது!

புதிதாக வந்தவள்

வணக்கம். நான் பார்த்தது 'மர்டர், ஷி ரோட்' தொலைக்காட்சித் தொடர் மட்டும்தான். ஜெசிகா ஃபிளெச்சரும் மார்ப்பிளும் ஒரே வகையா? புத்தகத்தில் எதிலிருந்து தொடங்கலாம்? அம்மாவுக்கும் சேர்த்துக் கேட்கிறேன். அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்திருக்கிறது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

திரைப்பித்தன்

ஏஞ்சலா லான்ஸ்பரி 1980இல் 'மிரர் க்ராக்ட்' படத்தில் மார்ப்பிளாக நடித்தார். நான்கே ஆண்டுகளில் ஜெசிகா ஆகிவிட்டார். ஆனால் இருவரும் வேறு. ஜெசிகா புகழ்பெற்ற எழுத்தாளர், ஊர் ஊராகப் பறப்பவர், போனவுடன் எல்லோரும் எழுந்து நின்று கைகுலுக்குவார்கள். மார்ப்பிளுக்கு நாற்காலி கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

பூந்தமல்லி வாசகன்

ஜெசிகாவின் கேபட் கோவ் ஊரில் வீடு வாடகைக்கு மலிவாகத்தான் இருக்கும். 264 அத்தியாயங்கள்! செயின்ட் மேரி மீட் எவ்வளவோ தேவலாம். பன்னிரண்டு நாவல்களில் மூன்றில்தான் அந்த ஊரில் கொலை.

ஊசியும் நூலும்

அம்மாவுக்கு வாசித்துக் காட்ட என்றால் சிறுகதைகளே தோது. 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' தொகுப்பு, 1932. ஒரு வேளைக்கு ஒரு கதை. விடை சொல்லும் முன் நிறுத்தி, அம்மாவைக் கேளுங்கள். சமையலறைக் கதைகளில் அவர் உங்களை முந்திவிடுவார்.

நாவலுக்கு 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்' (1950). இந்த வீட்டில் இத்தனை மணிக்குக் கொலை நடக்கும், நண்பர்கள் வருக என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. ஊரே ஏதோ விளையாட்டு என்று கிளம்பிப் போகிறது. போருக்குப் பிந்திய காலம், ரேஷன் அட்டைதான் அடையாளம், பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. முன்பெல்லாம் யார் யார் என்று தெரியும், இப்போது யாருக்கும் தெரியாது என்று மார்ப்பிள் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். வாத்தியார் ஐயாவும் படிக்க வேண்டும். எல்லாத் தடயமும் கண்ணெதிரே, வரவேற்பறை மேசை விளக்கு உட்பட.

கணக்கு வாத்தியார்

படித்தாயிற்று. அதற்கு முழு மதிப்பெண். 'தி பாடி இன் தி லைப்ரரி'க்கும்தான். செத்த பெண்ணின் கடித்த நகங்களையும் பழைய உடையையும் பார்த்துவிட்டு, இது பொருந்தவில்லையே என்று நிற்கிறார் பாருங்கள், அது உண்மையான வழிமுறை. யாரையாவது சந்திக்கப் போகிற பெண் எதை உடுத்துவாள் என்று போலீசில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாடிங்டனுக்கு மட்டும் மறுமதிப்பீடு கிடையாது.

செவ்வந்தி

புதிதாக வந்தவளுக்கு என் பரிந்துரை 'தி மிரர் க்ராக்ட்'. கொலைக்காக மட்டுமல்ல. மார்ப்பிளுக்கு உடல் தளர்ந்துவிட்டது, குனிந்து தோட்ட வேலை செய்யக்கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். பார்த்துக்கொள்ள மிஸ் நைட் என்று ஓர் உதவியாளர். 'நாம் இப்போது முட்டைப் பால் குடிக்கலாமா' என்ற தொனியில், எழுபது எண்பது வயதுப் பெண்மணியிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவார். கெட்ட பெண் அல்ல, அன்பானவர்தான். அதுதான் தாங்க முடியாதது. ஒருநாள் மார்ப்பிள் அவரை வேண்டுமென்றே தூரத்துக் கடைகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, தனியாக, ஊருக்கு வெளியே புதிதாக எழுந்த குடியிருப்பைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். ஒரே மாதிரி வீடுகள், புதிய மனிதர்கள், கால்சட்டை அணிந்த பெண்கள். பார்த்தால் முகங்கள் எல்லாம் பழையவைதான். இதோ அந்தக் காலத்து இன்னாள், அதோ அவன் என்று மனத்துக்குள் பொருத்திக்கொண்டே நடக்கிறார். தடுக்கி விழுகிறார். தூக்கிவிட்டுத் தேநீர் கொடுத்த பெண்தான் பிறகு கொலையாகிறவள்.

வயதானவர்களை வைத்துப் பராமரிக்கிறவர்கள் எல்லோரும் அந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். நானும் வீட்டில் அந்தத் தொனியில் பேசியதுண்டு.

புதிதாக வந்தவள்

நேற்றிரவு முதல் கதையை வாசித்துக் காட்டினேன். டிரைஃபிள் என்றால் என்ன என்று அம்மா கேட்டார், படம் காட்டினேன். 'மேலே என்னமோ தூவியிருக்கிறதே, அதை யாரெல்லாம் சாப்பிட்டார்கள்?' என்றார். நான் அப்போது இன்னும் பாதிக் கதையைத் தாண்டவில்லை!

வக்கீல் குமாஸ்தா

உங்கள் அம்மாவைக் கொஞ்சம் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.

வாத்தியார் சார், கடைசியாக வெளிவந்த 'ஸ்லீப்பிங் மர்டர்' (1976) படித்துவிட்டீர்களா? கிறிஸ்டி காலமான ஆண்டிலேயே வந்தது, ஆனால் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டிருந்தார். பொய்ரோவைக் கடைசி நாவலில் கொன்றுவிட்டவர் மார்ப்பிளைக் கொல்லவில்லை.

அதில் உங்களுக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. எச்சரிக்கை, பெயர் சொல்லாமல் சொல்கிறேன். கொலைகாரர் மாடியில் ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்துவிடுகிறார். போலீஸ் பக்கத்தில் இல்லை. தோட்டத்தில் ரோஜாச் செடிக்குப் பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்த மார்ப்பிள் மூச்சிரைக்கப் படியேறி வந்து, கையிலிருந்த பீச்சாங்குழலால் சோப்புத் தண்ணீரை ஆளின் கண்ணிலேயே அடிக்கிறார்.

கணக்கு வாத்தியார்

அதற்கு முந்தைய பக்கம்வரை வந்திருந்தேன் சார்.

வக்கீல் குமாஸ்தா

எச்சரிக்கை போட்டிருந்தேனே!

நெறியாளர்

போட்டிருந்தார். பதிவின் தலையில் இல்லை, நடுவில். அடுத்த முறை தலையில்.